4கே டிவிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுல் எச்டி போதுமா, 4கே எடுக்கணுமா, 8கே வரை போகலாமா? புது டிவி வாங்கக் கிளம்பும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஒருமுறை வாங்கினால் பல வருடம் தினமும் கண்முன் இருக்கப்போகிற பொருள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். அளவுநாடா ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் தேவைப்படும்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், கூடுதல் பணம் கொடுக்கலாமா?

எந்த அளவு டிவி என்பதைப் பொறுத்தது. 32 அங்குலத்தில் 4கே தேவையில்லை. 40, 43 அங்குலத்தில்தான் உண்மையான குழப்பம் வரும். 50 அங்குலத்துக்கு மேல் விற்பனைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் 4கே என்பதால் அங்கே கேள்வியே வேறு: சாதாரண 4கே டிவியா, நல்ல 4கே டிவியா, இல்லை 8கே டிவியா?

நான் சொல்லும் வரிசை இது. உட்காரும் தூரத்துக்குப் பொருத்தமான திரை அளவுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். அடுத்து, வெளிச்சத்தையும் கறுப்பையும் ஒழுங்காகக் காட்டும் பேனலுக்கு. பிக்சல் எண்ணிக்கைக்கு என்று தனியாகப் பணம் கொடுப்பது கடைசியில்தான் வரவேண்டும்.

எச்டி, ஃபுல் எச்டி, 4கே, 8கே என்றால் என்ன?

திரையில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்ற கணக்கு. ஃபுல் எச்டி என்பது 1920 × 1080, சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே 3840 × 2160, சுமார் 83 லட்சம். 8கே 7680 × 4320, சுமார் 3.3 கோடி. 'எச்டி ரெடி' என்ற பெயரில் வரும் சின்ன டிவிகளில் 1366 × 768 இருக்கும், அதாவது சுமார் 10.5 லட்சம்.

விளம்பரத்தில் 'நான்கு மடங்கு தெளிவு' என்று போடுவார்கள். பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்கு என்பது சரி. ஆனால் அகலத்தில் இரண்டு மடங்கு, உயரத்தில் இரண்டு மடங்கு சேர்ந்துதான் அந்த நான்கு வருகிறது. ஒரு கோட்டின் கூர்மை என்று பார்த்தால் கிடைப்பது இரண்டு மடங்கு, அதுவும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தால்.

எத்தனை அடி தூரத்தில் உட்கார்ந்தால் வித்தியாசம் தெரியும்?

மொத்த முடிவும் இந்தப் பதிலில்தான் இருக்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கண் பரிசோதனையில் 6/6 என்று எழுதித் தருகிறார்களே, அந்தப் பார்வைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அது. இரண்டு புள்ளிகள் அதைவிட நெருங்கிவிட்டால் கண் அவற்றை ஒன்றாகவே பார்க்கும். ஆகவே பிக்சலின் அகலம் தெரிந்தால், எத்தனை அடியில் அது தனியாகத் தெரியாமல் போகும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. ஃபுல் எச்டி என்றால் அதில் 1920 பிக்சல்கள், ஒன்றின் அகலம் 0.63 மி.மீ. சுமார் 7 அடிக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதே திரையை 4கே ஆக்கினால் பிக்சல் 0.32 மி.மீ. ஆகிறது. 5 அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது பளிச்சென்று தெரியும். 10 அடியில் இருப்பவரின் கண்ணுக்கு 0.63 மி.மீ. புள்ளியே பிடிபடவில்லை, அதைப் பாதியாக்கி என்ன பயன்?

இந்தக் கணக்குப்படி, ஃபுல் எச்டி திரையில் பிக்சல் மறைய ஆரம்பிக்கும் தூரம் இது:

43 அங்குலம்: 5.6 அடி
50 அங்குலம்: 6.5 அடி
55 அங்குலம்: 7.2 அடி
65 அங்குலம்: 8.5 அடி
75 அங்குலம்: 9.8 அடி

இதைவிடப் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு 4கே வேலை செய்யும். தள்ளி உட்காருகிறவர்களுக்குப் பயன் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். மற்ற அளவுகளுக்கு, திரையின் குறுக்களவை (மூலைக்கு மூலை அங்குலத்தை) 1.56 ஆல் பெருக்கினால் தூரம் அங்குலத்தில் கிடைக்கும், 12 ஆல் வகுத்தால் அடி.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஃபுல் எச்டி வடிவமைப்பே, திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதை மனதில் வைத்து உருவானது. அதனால் பழைய டிவி இருந்த இடத்தில், அதே அளவில், அதே நாற்காலியிலிருந்து பார்க்க 4கே வாங்கினால் அதன் பலனில் பெரும்பகுதி வீண். திரையைப் பெரிதாக்குவதாலோ நாற்காலியை முன்னே இழுப்பதாலோதான் அந்தக் கூடுதல் பிக்சல்களுக்கு வேலை வருகிறது.

இந்தக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கீழ்வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். 6/6 என்பது நல்ல பார்வையின் உச்சம் இல்லை. இளம் வயதினர் பலருக்கு அதைவிடக் கூர்மையான பார்வை உண்டு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2025 இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்தது. பார்வைப் புலத்தின் ஒரு பாகைக்குள் எத்தனை பிக்சல் வரை கண் பிரித்துணர்கிறது என்று அளந்தார்கள். பழைய கணக்கு சொல்வது 60. அவர்களுக்குக் கறுப்பு வெள்ளையில் கிடைத்தது 94, சிவப்பு-பச்சையில் 89, மஞ்சள்-ஊதாவில் வெறும் 53. அதாவது கூர்மை விஷயத்தில் கண் நாம் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன், சில நிறங்களில் நினைத்ததைவிட மந்தம்.

இதை வைத்துப் பார்த்தால் மேலே கொடுத்த தூரங்களை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரை நீட்டலாம். 55 அங்குலத்தில் 7.2 அடி என்பது 11 அடி வரை போகும். ஆனால் அது அதிகபட்ச எல்லை. நுண்ணிய கோடுகளை உற்றுப் பார்க்கும்போது தெரிவது வேறு, ஒரு படத்தில் மூழ்கியிருக்கும்போது தெரிவது வேறு. அந்த ஆய்வாளர்களே, 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 44 அங்குல டிவி பார்ப்பவருக்கு ஃபுல் எச்டிக்கும் 4கே-வுக்கும் நடுவில் இருக்கும் கியூஎச்டியைவிட 4கே-வோ 8கே-வோ எதையும் கூடுதலாகத் தராது என்றுதான் சொன்னார்கள்.

என் கண்ணுக்குத் தெரியுமா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தாராளமாக. வெள்ளை நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட ஸ்கேல் ஒன்று போதும்.

ஸ்கேலை டிவியின் முன் நிமிர்த்தி ஒட்டுங்கள். அறையில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் டிவி பார்க்கும்போது போடும் அதே கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் கோடுகளைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள். ஓர் இடத்தில் கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் சாம்பல் பட்டையாக மாறும். அந்த இடத்துக்கும் ஸ்கேலுக்கும் உள்ள தூரத்தை அளந்து, வாங்கப்போகும் டிவியின் அங்குலத்தால் பெருக்கி, 43 ஆல் வகுத்துவிடுங்கள்.

உதாரணமாக, 7 அடியில் கோடுகள் கலந்துவிட்டன, வாங்க நினைப்பது 55 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 7 × 55 ÷ 43, ஏறக்குறைய 9 அடி. உங்கள் சோபா 9 அடிக்குள் இருந்தால் 4கே டிவியின் கூர்மை உங்கள் கண்ணுக்கு எட்டும். 12 அடியில் இருந்தால் எட்டாது.

43 எங்கிருந்து வந்தது என்றால், 43 அங்குல ஃபுல் எச்டி டிவியில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட சரியாக அரை மி.மீ. ஸ்கேலில் ஒரு கோடும் அதை அடுத்த இடைவெளியும் சேர்ந்து 1 மி.மீ., அதாவது அப்படிப்பட்ட இரண்டு பிக்சல். வீட்டில் இருக்கும் எல்லோரையும் நிற்க வைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நடுவே நல்ல வித்தியாசம் வரும்.

கடையில் பார்த்தபோது அவ்வளவு துல்லியமாக இருந்ததே?

கடையில் இரண்டு அடி தள்ளி நின்று பார்க்கிறோம். ஓடுவது அதற்கென்றே எடுத்த 4கே காட்சி: மெதுவாக நகரும் பூ, நகர விளக்குகள், தேன் வழிவது. பிரைட்னஸ், நிறம், ஷார்ப்னஸ் எல்லாம் உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டில் இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது.

வீட்டில் சோபா எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்துவிட்டுப் போங்கள், கடையிலும் அதே தூரத்தில் நின்று பாருங்கள். படத்தை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வழக்கமாக நீங்கள் பார்க்கும் சேனலையோ படத்தையோ போடச் சொல்லுங்கள், குறிப்பாக ஓர் இருட்டுக் காட்சியை. நல்ல பேனலும் சுமாரான பேனலும் பிரிவது அங்கேதான்.

நான் பார்ப்பதெல்லாம் செட்டாப் பாக்ஸ் சேனல்கள்தான். எனக்கு 4கே தேவையா?

தேவை மிகக் குறைவு. சேனல்கள் பெரும்பாலும் எச்டியிலோ, இன்னும் பழைய எஸ்டி தரத்திலோதான் வருகின்றன. 4கே டிவி அந்தப் படத்தைத் தன் பிக்சல் எண்ணிக்கைக்கு நீட்டிக் காட்டும். இதற்குப் பெயர் அப்ஸ்கேலிங். இல்லாத விவரத்தை இது கொண்டுவந்துவிடாது. விளிம்புகளைச் சீராக்கி, இடைப்பட்ட புள்ளிகளை ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

ஃபுல் எச்டி படம் 4கே திரையில் நன்றாகவே இருக்கும், ஒரு பிக்சலுக்கு நான்கு என்று கணக்கு நேராக வருகிறது. எஸ்டி சேனல்தான் சிக்கல். 65 அங்குலத்தில் அதைப் போட்டால் முகங்கள் மெழுகு பூசியது போலத் தெரியும். அந்தக் குறை 4கே-வால் வருவதில்லை, திரை பெரிதானதால் வருகிறது. இருந்தாலும் விலை குறைந்த டிவிகளில் பிராசசர் சுமாராக இருக்கும், அப்ஸ்கேலிங்கும் அதற்கேற்ற மாதிரிதான். சேனல்களே பிரதானம் என்றால் பிக்சலைவிட நல்ல பிராசசர் உள்ள மாடலைத் தேடுங்கள். செட்டாப் பாக்ஸை எச்டிக்கு மாற்றுவதும் பெரிய பலன் தரும்.

ஓடிடியில் '4கே' என்று போட்டிருப்பதெல்லாம் நிஜமான 4கே-வா?

பெயரளவில் ஆம். ஆனால் பிக்சல் எண்ணிக்கை மட்டும் படத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை, ஒரு வினாடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வுக்குக் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட், ஃபுல் எச்டிக்கு 5 மெகாபிட். 2016 இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி புளூரே தட்டு 128 மெகாபிட் வரை போகும். பழைய ஃபுல் எச்டி புளூரேயே 40 மெகாபிட் வரை கொடுக்கும். அதனால் நல்ல ஃபுல் எச்டி தட்டு, நெருக்கி அனுப்பப்படும் 4கே ஸ்ட்ரீமைவிடச் சுத்தமாக இருப்பது சகஜம். புகை, மழை, மங்கலான வெளிச்சம் போன்ற காட்சிகளில் இது தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. எத்தனையோ படங்கள் 2கே தரத்தில், அதாவது 2048 பிக்சல் அகலத்தில், எடிட்டிங்கும் கிராஃபிக்ஸும் முடிக்கப்பட்டு, பிறகு 4கே-வாக நீட்டப்பட்டவை. அவற்றில் கூடுதல் விவரம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. இதற்கு நேர்மாறாக, ஃபிலிமில் எடுத்த பழைய படங்களை இப்போது 4கே-வில் ஸ்கேன் செய்து வெளியிடும்போது அசல் நெகட்டிவில் இருந்த விவரம் வெளியே வருகிறது. அறுபது வருடம் பழைய படம், போன வருடப் படத்தைவிடக் கூர்மையாகத் தெரிவதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

ஸ்ட்ரீமிங்கில் 4கே-வுக்கு ஒரு மறைமுக நன்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 4கே ஸ்ட்ரீமுக்குக் கூடுதல் தகவல் அனுப்புவதால், பிக்சல் தெரியாத தூரத்தில் உட்கார்ந்தாலும் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது, இருட்டில் கட்டம் கட்டமாக உடைவது போன்றவை குறையும்.

அப்புறம், பல சேவைகள் 4கே-வை விலை உயர்ந்த சந்தாவில்தான் தருகின்றன. டிவியின் கூடுதல் விலையோடு மாதாமாதம் வரும் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பாருங்கள். 4கே-வில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறக்குறைய 7 ஜிபி டேட்டா போகும்.

எச்டிஆர் என்கிறார்களே, அது 4கே-வோடு சேர்ந்ததா?

சேர்ந்தே விற்கப்படுகிறது. ஆனால் இரண்டும் வெவ்வேறு. 4கே எத்தனை புள்ளி என்று சொல்வது. எச்டிஆர் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசமாகவும், எவ்வளவு இருட்டாகவும், எத்தனை நிறங்களிலும் இருக்கலாம் என்று சொல்வது.

பழைய முறையில் ஸ்டூடியோவில் படத்தை 100 நிட்ஸ் பிரகாசத்தை வைத்துத் தயாரிப்பார்கள். எச்டிஆர் படங்கள் 1000 நிட்ஸிலும், சில 4000 நிட்ஸிலும் தயாராகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள் இருந்த இடத்தில் 1024 வருகிறது. சூரியன் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி, இரவுத் தெருவில் ஒற்றை விளக்கு, உலோகத்தின் மினுமினுப்பு இவையெல்லாம் நிஜத்தில் பார்ப்பதற்குப் பக்கத்தில் வருவது இதனால்தான். முக்கியமாக, இதற்குத் தூரக் கணக்கு கிடையாது. 12 அடி தள்ளி உட்கார்ந்தாலும் தெரியும், கண்ணாடி போடாமல் பார்த்தாலும் தெரியும். '4கே வாங்கினேன், அசந்துபோனேன்' என்று சொல்கிறவர்களில் பலர் உண்மையில் அசந்தது எச்டிஆரைப் பார்த்துத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் பெட்டியில் 'எச்டிஆர்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும் டிவி எல்லாம் அதைக் காட்டக்கூடியவை அல்ல. விலை குறைந்த 4கே டிவிகளின் பிரகாசம் பெரும்பாலும் 250 முதல் 350 நிட்ஸ். அங்கே எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவதும் உண்டு. பார்க்க வேண்டியவை இவை: உச்சப் பிரகாசம் 600, 700 நிட்ஸாவது இருக்கிறதா, பேக்லைட்டைப் பகுதி பகுதியாக அணைத்து எரிக்கும் லோக்கல் டிம்மிங் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஓஎல்இடி பேனலா? ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளி தருவதால், கறுப்பு வேண்டிய இடத்தில் முழுதாக அணைந்துவிடும்.

எல்லா 4கே பேனலும் ஒன்றுதானா?

இல்லை. எல்சிடி பேனல்களில் ஐபிஎஸ் வகையில் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000:1 தான், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்க்க நன்றாக இருக்கும். விஏ வகையில் 3000:1 அல்லது அதற்கு மேலும் வரும், இருட்டறையில் அழகு, ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். சில மலிவுப் பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு வெள்ளைத் துணைப்பிக்சலையும் கலந்து எண்ணிக்கையை நிரப்பியிருப்பார்கள். பெயர் 4கே, நிறக்கோடுகளின் கூர்மை அதற்கும் குறைவு.

43 அங்குலம்தான் வைக்க இடம் இருக்கிறது. ஃபுல் எச்டியா, 4கே-வா?

விலை வித்தியாசம் சிறியது என்றால் 4கே எடுங்கள். காரணம் பிக்சல் இல்லை. இந்த அளவில் ஃபுல் எச்டி மாடல்கள் இப்போது அடித்தட்டு வரிசையாகிவிட்டன. பழைய பிராசசர், குறைவான மெமரி, சாதாரண பேனல் என்று எல்லாவற்றிலும் கைவைத்திருப்பார்கள். வித்தியாசம் பெரியது, உட்காருவதும் 9 அடி தள்ளி என்றால் ஃபுல் எச்டி எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தில் ஒரு சவுண்ட்பார் வாங்கலாம். தட்டையான டிவிகளின் ஒலி அவ்வளவு மெலிவாக இருப்பதால், அந்த மாற்றம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

படுக்கையறைக்கு 32 அங்குலம்?

4கே வேண்டாம். ஃபுல் எச்டி கிடைத்தால் நல்லது. 7 அடி தள்ளிப் பார்ப்பதென்றால் எச்டி ரெடி கூடப் பரவாயில்லை. கணினியையும் அதில் இணைப்பதாக இருந்தால் மட்டும் ஃபுல் எச்டியில் பிடிவாதமாக இருங்கள், எழுத்து தெளிவாக வேண்டும்.

விளையாட்டுப் போட்டிகள் 4கே-வில் இன்னும் தெளிவாக இருக்குமா?

நிற்கும் காட்சியில் இருக்கும். மைதானப் புல், கூட்டத்தில் முகங்கள், ஸ்கோர் எழுத்து எல்லாம் கூர்மையாகும். ஆனால் பந்து ஓடும்போது கதை மாறிவிடுகிறது.

ஒரு பந்து திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நான்கு வினாடியில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4கே திரையில் அது வினாடிக்கு 960 பிக்சல். 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 படம் காட்டும் டிவியில் ஒவ்வொரு படமும் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் அசையாமல் நிற்கும், உங்கள் கண்ணோ பந்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கணத்தில் படம் கண்ணில் 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடுகிறது. ஃபுல் எச்டியில் அது 8 பிக்சல், ஆனால் அங்கே பிக்சல் இரண்டு மடங்கு பெரியது, ஆகவே மங்கலின் அகலம் ஒன்றேதான். அசையும் காட்சியில் 4கே டிவியின் சாதகம் கரைந்துபோவது இப்படித்தான். விளையாட்டு முக்கியம் என்றால் 120 ஹெர்ட்ஸ் பேனலுக்குப் பணம் கொடுப்பது நல்லது. அதுவும் படத்தின் நடுவே இடைப்படங்களை டிவி தானே சேர்த்தால்தான், இல்லையென்றால் போட்டி ஒளிபரப்பே அந்த வேகத்தில் வந்தால்தான் முழுப் பலன்.

கேம் விளையாடவும் கணினிக்கும்?

இங்கே 4கே நன்றாகப் பயன்படும். கேம் ஆடுகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிறார்கள், கணினி என்றால் இரண்டு மூன்று அடிதான். 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும். அதற்கு எச்டிஎம்ஐ 2.1 போர்ட் வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 2.0 வில் 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 1.4 இல் 30 தான். டிவியில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்றிரண்டு மட்டும் 2.1 ஆக இருப்பது வழக்கம், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கணினியை இணைத்தால் அந்த இன்புட்டுக்கு 'பிசி' என்று பெயர் வைக்கச் சொல்லும் டிவிகள் உண்டு. அப்படி வைத்தால்தான் நிறத் தகவல் முழுதாக வந்து, சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் மங்காமல் இருக்கும்.

8கே வாங்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன், தயக்கமில்லாமல்.

75 அங்குல 4கே டிவியில் பிக்சல் கண்ணிலிருந்து மறையும் தூரம், 6/6 கணக்கில், 5 அடிக்கும் குறைவு. 8கே வேலை செய்ய அதற்குள் உட்கார வேண்டும். அவ்வளவு கிட்டே 75 அங்குலத்தை யாரும் வைத்துப் பார்ப்பதில்லை. 2020 இல் வார்னர் பிரதர்ஸ் தலைமையில், பிக்ஸார், அமேசான் ஸ்டூடியோஸ் போன்றவை சேர்ந்து, 4கே, 8கே காட்சிகளை எது எது என்று சொல்லாமல் 88 அங்குல 8கே திரையில் காட்டிச் சோதித்தார்கள். பார்த்தவர்கள் 139 பேர். பெரும்பாலானவர்களுக்கு 4கே-வுக்கும் 8கே-வுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மிகக் கூர்மையான பார்வையோடு முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது. முன்வரிசை என்பது வெறும் 5 அடி.

பார்ப்பதற்கும் ஒன்றும் பெரிதாக இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-வோடு நிற்கிறது, அல்ட்ரா எச்டி புளூரேயும் அப்படியே. யூடியூபில் சில 8கே காட்சிகள் இருக்கின்றன. ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பர் 1 அன்று 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது, மற்ற நாடுகளில் அந்த அலை எழவில்லை.

மின்சாரமும் கூடுதல். பிக்சல் சிறிதாகச் சிறிதாக, ஒளி ஊடுருவும் இடம் குறைகிறது. அதே பிரகாசத்துக்குப் பேக்லைட் அதிகம் எரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மார்ச்சில் 8கே டிவிகளையும் மற்ற டிவிகளுக்கான மின்வரம்புக்குள் கொண்டுவந்தபோது உற்பத்தியாளர்கள் திணறியது இதனால்தான்.

ஆனால் 8கே டிவியில் 4கே படமே அருமையாகத் தெரிகிறதே?

தெரியும். நிறுவனங்கள் தங்களிடம் உள்ள நல்ல பிராசசர், அதிகப் பிரகாசம், நெருக்கமான லோக்கல் டிம்மிங் எல்லாவற்றையும் 8கே மாடலில் போடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்தது அந்த உதிரிகள். அதே நிறுவனத்தின் உச்ச 4கே மாடலில் ஏறக்குறைய அத்தனையும் குறைந்த விலையில் இருக்கும்.

எதிர்காலத்துக்கு என்று இப்போதே வாங்கி வைத்தால்?

எதிர்காலத்தில் வருவது பிக்சல் மட்டும் இல்லை. புது வீடியோ கோடெக் (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) வரும், புது எச்டிஎம்ஐ வரும், ஆப்கள் பழைய மென்பொருளைக் கைவிடும். திரை 8கே-வாக இருந்து உள்ளே இருக்கும் சிப் அந்தக் கோடெக்கைப் பிரிக்கத் தெரியாததாக இருந்தால் அத்தனை பிக்சலும் சும்மா கிடக்கும். அன்றைக்கு வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு வாங்குங்கள், விலையும் குறைந்திருக்கும்.

பழைய ஃபுல் எச்டி டிவி நன்றாக ஓடுகிறது. மாற்றட்டுமா?

படம் திருப்தியாக இருந்தால் மாற்றாதீர்கள். ஆப்கள் மெதுவாகிவிட்டன என்றால் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைச் செருகினால் போதும். திரை சின்னதாகத் தோன்றுகிறது, இருட்டுக் காட்சிகள் சாம்பலாகத் தெரிகின்றன, இந்த இரண்டும்தான் மாற்றுவதற்குச் சரியான காரணங்கள்.

4கே டிவி வாங்கிவிட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லையே?

திரும்பக் கொடுக்க யோசிக்கும் முன் இவற்றைப் பாருங்கள். ஓடிடி சந்தா 4கே தரும் வகையா? படம் ஓடும்போது தகவல் பொத்தானை அழுத்தினால் என்ன ரெசல்யூஷன் காட்டுகிறது? இணைய வேகம் குறைந்தால் ஆப் சொல்லாமல் கொள்ளாமல் தரத்தை இறக்கிவிடும். வெளியிலிருந்து பெட்டி எதையாவது இணைத்திருந்தால், அதற்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் எல்லாக் கருவிகளும் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஆதரிக்க வேண்டும். ஒன்று ஆதரிக்காவிட்டாலும் பாதுகாக்கப்பட்ட 4கே படம் ஃபுல் எச்டியாக இறங்கிவிடும். சில டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட் ஒவ்வொன்றுக்கும் 'என்ஹான்ஸ்ட்' அல்லது 'அல்ட்ரா எச்டி டீப் கலர்' போன்ற அமைப்பை நாமே இயக்க வேண்டும்.

அடுத்து ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது விவரத்தைக் கூட்டாது, விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு வரையும். கடைசியாக, படத்தின் அளவு அமைப்பில் 'ஃபிட் டு ஸ்கிரீன்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லாவிட்டால் பல டிவிகள் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டி, மீதிப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். அப்படி இழுத்த படத்தில் ஒரு பிக்சல் கூட அதற்குரிய இடத்தில் இருக்காது.